தேர் நிலைக்கு வரும்வரை

தேர் புறப்பட்டதும் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் கரண்ட் போனது.

ராமராஜன் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டர் ஓடியது.

பட்டுக்கடை ஒன்று கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். முதுகு புடைத்த மானிட்டர். ஆன் செய்தால் அரிசி மில் மாதிரி சத்தம். வீட்டில் இருப்பது ஒரே மேஜை. அதில் தையல் மெஷின் வைக்க வேண்டும் என்று அவன் மனைவி மேரி பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கரண்ட் இல்லாமலும் இது ஓடும் என்று அவன் ஒருநாள் வாயை விட்டுவிட்டான். தேர் அன்று ஓட்டிக் காட்டு என்றாள் அவள்.

தேர் ஒயரில் இடிக்காமலிருக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் விடுவார்கள். அதுவரை ஓடினால் கம்ப்யூட்டர் இருக்கலாம். நடுவில் நின்றால் பாலாஜியின் காயலான் கடைக்கு.

ராமராஜன் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவன். கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் டிரில்லிங் மெஷின் பேட்டரிகளை இரவல் வாங்கியிருந்தான். மும்மூன்றாகக் கோத்து, இன்வெர்ட்டரில் மாட்டி, தீரத் தீர மாற்றினான். தரையெல்லாம் மஞ்சள் பேட்டரிகள். ஏதோ ஒரு தூர தேசத்து நகரத்தை மேலிருந்து பார்ப்பது போலிருந்தது.

போன வருடத் தேரை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தான். இந்த வருடம் தேர் தெருமுனையில் திரும்ப மறுத்து நின்றுகொண்டது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

கடைசி மூன்று பேட்டரிகளை மாட்டிவிட்டு அவன் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தான்.

மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, பாலாஜிக்கு போன் போட்டுடட்டா?"

சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் வீட்டில் இதுவரை யாரும் வடம் பிடித்ததில்லை. அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, கைக்கு அகப்பட்ட இடத்தில் வடத்தைப் பிடித்தான். மற்றவர்கள் மூச்சு வாங்க நின்றபோதும் அவன் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவர் இப்படியொரு பக்தியைப் பார்த்ததில்லை என்று கண் கலங்கி, அவன் நெற்றி நிறைய விபூதி பூசினார்.

சக்கரம் முனகியது. தேர் திரும்பியது.

நிலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மேற்கே இறங்கிவிட்டது. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்ற யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே நடந்தான்.

தெருவில் இன்னும் கரண்ட் வரவில்லை.

ஆனால் வீட்டுக்குள் அரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது.

அவனுடைய பேட்டரிகளெல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்வெர்ட்டர் கிளிப்புகள் வேறொரு பெரிய பேட்டரியைக் கவ்வியிருந்தன. மேரி தன் எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து கழற்றியது. அந்த ஸ்கூட்டரைத் துடைக்கக்கூட அவள் அவனை விட்டதில்லை.

மேரி நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் சீட்டுக்கட்டு விரிந்திருந்தது. கறுப்பு ஒன்பதின் மேல் சிவப்பு எட்டை இழுத்து வைத்தாள். அதன் மேல் கறுப்பு ஏழு. கை எங்கும் தயங்கவில்லை.

அவன் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

"தையல் மெஷின அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள், திரும்பாமல். "கதவ சாத்துப்பா. வெயில்ல சீட்டு தெரியல."