ராக்கெட் மாப்பிள்ளை

“பையன் தங்கமுங்க. சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. ஒரே ஒரு விசயந்தான்...” என்று இழுத்தார் டீக்கடைக்காரர்.

வீரபாகு டம்ளரைக் கீழே வைத்தார்.

மகள் ரஞ்சனிக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி விசாரிக்க ராசிபுரத்தில் இருந்து குமாரபாளையம் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இது அவருக்கு மூன்றாவது டீ. வரன் விசாரிக்கப் போகிறவர்கள் ஒரு குறையாவது கிடைக்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள்.

“எதுவா இருந்தாலும் சொல்லிருங்க.”

“டிவியில ராக்கெட் ஓட்டற கேம் இருக்குதுங்களே, அதுல பைத்தியமுங்க. பொழுது சாஞ்சா அந்த ஊட்டு சன்னல்ல கலர் கலரா வெளிச்சம் வரும். நாங்க கூப்பிடறதே ராக்கெட்டுன்னுதான். சிரிச்சுட்டுப் போயிருவாப்ல.”

“இருபத்தொன்பது வயசுன்னாங்களே?”

“அதைத்தானுங்க சொல்றேன்.”

வீரபாகு டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். செல்போன் ஆட்டத்தில் விழுந்து வேலையை விட்ட ஒருவனை அவர் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர், சும்மா இருப்பாரா? நேரே மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாப்பிள்ளை பூபதியும் அவன் அம்மா கந்தம்மாளும் இருந்தார்கள். சொல்லாமல் வந்து நின்றவர் ரஞ்சனியின் அப்பா என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள்.

டிவியில் வளையம் போட்ட பெரிய கிரகம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. ஜாய்ஸ்டிக் பாயில் கிடந்தது.

“சுத்தி வளைக்காமக் கேக்கறேன் தம்பி. இதை ஆடறது...”

“நான்தானுங்க” என்று முந்திக்கொண்டான் பூபதி.

கந்தம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“அம்மா, அவிங்களுக்குக் காப்பி வெச்சுட்டு வாம்மா.”

அவர் நகரவில்லை.

“தினமுமா ஆடுவீங்க?”

“ரெண்டு மூணு மணி நேரம் ஆயிருமுங்க.”

“கல்யாணத்துக்குப் பொறவு விட்டுருவீங்களா?”

பூபதி யோசித்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் முடிவாகிவிடும். போட்டோவில் பார்த்த ரஞ்சனியை அவனுக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

“இல்லீங்க. இந்த ஊட்டுல இது இருக்கும். அவங்ககிட்டயும் சொல்லிருங்க.”

எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று வீரபாகுவுக்கு எரிச்சல் வந்தது. கிளம்ப எழுந்தவர், “அப்படி என்னதான் இருக்குது அதுல? ஆடிக் காட்டுங்க, பாத்துட்டே போறேன்” என்றார்.

பூபதி ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். ராக்கெட் கிளம்பிய வேகத்தில் குப்புற விழுந்தது. மறுபடி கிளம்பி மலையில் முட்டியது. அவனுக்கு நெற்றி வியர்த்தது. மூன்றாவது தடவையும் அதே மலையைப் பார்த்துத்தான் போனது.

“அப்படியில்ல சாமி. மொதல்ல நேரா மேல தூக்கு, பொறவு மூக்கைத் திருப்பு.”

பொறுக்க மாட்டாமல் கந்தம்மாளே அதை வாங்கிக்கொண்டார். ராக்கெட் அலுங்காமல் மேலே போனது. மேகமெல்லாம் கீழே இறங்கி, நீலம் கறுத்து, டிவி முழுக்க நட்சத்திரமாகிவிட்டது. எழுந்து நின்ற வீரபாகு தன்னை அறியாமல் உட்கார்ந்துவிட்டார்.

“அதா, செகப்பாத் தெரியுதே, அது எந்த ஊருங்க?”

“இன்னும் யாருமே போகாத எடமுங்க. மொதல்ல போறவங்க பேரு வெச்சுக்கலாம்.”

“வெப்பீங்களா?”

“இல்லீங்க. பாத்துட்டு வந்துருவேன்.”

சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குத் தான் மாட்டிக்கொண்டது உறைத்தது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

“மன்னிச்சுக்கங்க. ஆடறது நானுங்க. இவன் ஒம்பதாவது படிக்கறப்ப ஊட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. அதுல இதே மாதிரி ஒரு ஆட்டம். கறுப்புல வெள்ளைப் புள்ளியா நட்சத்திரம், வேற ஒண்ணும் இருக்காது. தறிக்குப் போயிட்டு வந்து இவன் பின்னால உக்காந்துக்குவேன். அந்தப் புள்ளிக்குப் போ சாமிம்பேன். கிட்டப் போனா அது ஒரு உலகமா இருக்கும். இவன் மறந்துட்டான், எனக்குத்தான் மறக்கல. இவங்கப்பா தவறினதுக்குப் பொறவு ஒரு நாள், அந்த நட்சத்திர ஆட்டம் இன்னும் இருக்குதா சாமின்னு கேட்டேன். அடுத்த வாரமே இதை வாங்கியாந்துட்டான்.”

“அதுல அப்படி என்னங்க?”

“முப்பது வருசமாத் தறிச் சத்தமுங்க. தூங்கறப்பவும் காதுல ஓடிட்டே இருக்கும். இதுல மேல போகப் போகச் சத்தமே இல்லீங்க.”

வீரபாகு பூபதியிடம் திரும்பினார். “நீங்க எதுக்குத் தம்பி நான்தான்னு சொன்னீங்க?”

“புருசன் போன பொம்பளைக்கு இந்த வயசுல வெளையாட்டுக் கேக்குதான்னு பேசுவாங்க. என்னைய ராக்கெட்டுன்னா சொல்லிட்டுப் போறாங்க.”

கந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்பட ஆசையால இவன் கல்யாணம் நின்னுரக் கூடாதுங்க. இன்னைக்கே இதைத் தூக்கி யாருக்காச்சும் குடுத்தர்றமுங்க.”

வீரபாகு பதில் சொல்வதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மனைவி மலர்விழி.

“ஏனுங்க, விசாரிச்சீங்களா? பையன் எப்படி?”

“எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க. கேம் மட்டும் ஆடுவாராம்.”

“கல்யாணம் பண்ற வயசுலயா? எவனாச்சும் பொறாமையில சொல்லியிருப்பான். நல்லாக் கேட்டுப் பாருங்க.”

வீரபாகு கந்தம்மாளை ஒரு தடவை பார்த்தார்.

“நெசந்தான் மலரு. பக்கத்துல உக்காந்துதான் பாத்துட்டு இருக்கறேன், மாப்பிள்ளைதான் ஆடறாரு. ஆடிட்டுப் போகட்டும், நீ நாள் பாரு.”