ஓர் எழுத்தும் தப்பவில்லை

"சின்னப்பா, பழைய கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாரு. அதுல இருக்கற எழுத்தெல்லாம் வரிசையாப் படி. புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணியிருக்கேன், அந்த லைசென்ஸ் நம்பரப் போட்டாத்தான் விண்டோஸ் ஓடும்" என்றார் போனில் முதலாளி நாகேஷ்.

சின்னப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டே, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். அவர் படித்து இதுவரை யாருக்கும் ஒரு காரியம் ஆனதில்லை. ஓர் எழுத்து தப்பினாலும் மானம் போய்விடும்.

"படிச்சவங்க யாராச்சும் இருந்தா போனக் குடேன்."

"எதுக்கு சார், நானே படிக்கிறேன்."

கட்டிலோரம் இருந்த கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஆய்த்து, ஏறிடுச்சு. ஒரு தப்பு இல்லியே. உன்னப் போயி மூட்டை தூக்க வுட்டேன் பாரு."

அன்று முழுவதும் சின்னப்பாவின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

மறுவாரம் வைரஸ் புகுந்ததால், அவர் மகள் மகா அந்தப் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்து மறுபடி போட்டாள். நம்பர் ஏறவில்லை. விண்டோஸ் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டாள்.

"இந்த லைசென்ஸ வேற மிஷினுக்கு மாத்தியாச்சாம்பா. நம்பர யாருக்காச்சும் சொன்னியா?"

சின்னப்பா கட்டிலில் கிடந்தபடியே அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். மூட்டை சரிந்து அவர் இடுப்பு முறிந்தபோது, கேஸ் போடாமல் இருப்பதற்காக முதலாளி வீட்டுக்கு அனுப்பிய கம்ப்யூட்டர் அது. அதில் மகா டைப் அடித்துத்தான் லிங்கராஜபுரத்து வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரே ஓர் எழுத்தையாவது தப்பாகப் படித்துத் தொலைத்திருக்கலாமே என்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.