செல்வநாயகியின் பலகை

நாலு பச்சைமண் பொம்மையை ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குவதற்குள் நாற்பது தடவை சுவரில் சாய்கிறவள், சாயங்காலமானால் மற்றவர்களைப் போலவே பலகை நிறையப் பொம்மை காட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

விருத்தாசலம் பீங்கான் பட்டறை மேஸ்திரி பழமலைக்கு வந்துவிட்டது.

செல்வநாயகிக்குக் கொரோனா வந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. "இன்னும் மூச்சு வாங்குதுங்க, கையி காலு அசந்துபோவுதுங்க" என்று தினமும் அதே பாட்டு.

"ஆஸ்பத்திரியில கெடந்தவங்களே நல்லா நடமாடுறாங்க. ஒனக்கு மூணு நாளு காய்ச்சலு. முப்பத்தெட்டு வயசுல இதென்ன நடிப்பு?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். கள்ளிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்குச் சூளையில் அடுக்குமுன் அவள் பலகையிலிருந்த யானை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்பாஞ்சால் தேய்த்த தடம் எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. இது இடது கை வேலை. அந்த ஷெட்டில் இடது கைக்காரி திரௌபதி ஒருத்திதான்.

செல்வநாயகி வசமாக மாட்டிக்கொண்டாள்!

"திரௌபதி, இங்க வாம்மா. இது யாரு தேய்ச்சது?"

"நாந்தாங்க."

"அப்ப இவ பலகைக்கு எப்படி வந்துது? நீ டீ குடிக்கப் போன நேரம் பாத்துத் திருடியிருக்கா. செல்வநாயகி, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத."

செல்வநாயகி தூணைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் இல்லாத வீட்டில் இந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. மேஸ்திரிக்கும் அது தெரியும். தெரிந்தும் இளகவில்லை.

"அவ திருடலைங்க. நாந்தான் வச்சேன்" என்றாள் திரௌபதி.

"நானும் வச்சேங்க" என்று கனகா எழுந்தாள். பின்னாலேயே காசியம்மாள். கொஞ்ச நேரத்தில் ஷெட்டே எழுந்து நின்றது.

"எல்லாரும் கூட்டா? அவ நடிக்கிறது புரியலையா ஒங்களுக்கு?"

"நாங்களும் மொதல்ல அப்படித்தாங்க நெனச்சோம்" என்றாள் திரௌபதி. " மங்கலம்பேட்டை டாக்டரம்மாகிட்டயே போயிக் கேட்டோம். லேசா வந்துபோனவங்களுக்கும் இந்த அசதி விடாம இழுக்குமாம். பொம்பளைங்களுக்குத்தான் அதிகமாம். பத்துல ஒருத்தருக்காவது இப்படி ஆவுதுன்னாங்க."

"அதுக்கு?"

"நீங்க காய்ச்சலோட இருமிக்கிட்டே வேலைக்கு வந்தீங்களே, அந்த வாரம் எங்க பத்து பேருக்கும்தாங்க வந்துது. அந்த ஒருத்தி அவளா ஆயிட்டா. தப்பிச்ச ஒம்பது பேரு ஆளுக்கு ரெண்டு பொம்மை வைக்கக் கூடாதுங்களா?"