அக்கரைக்குப் போய் வந்த போன்

கூடையின் மேலே கருவாடு. அடியில் ஊராருடைய போன்கள்.

படகு கரைதட்டும்வரை அவன் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு கரையில் நின்றான். துறையில் நின்ற சிப்பாய்களும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருவன் துப்பாக்கி முனையால் ஒரு கருவாட்டைப் புரட்டினான். நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படகுக்காரர் இத்ரிசா அதையே எடுத்து அந்தச் சிப்பாயிடம் நீட்டினார்.

"வீட்டுக்குக் கொண்டு போ தம்பி. மாமியார் மெச்சுவாங்க."

சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள்.

தேர்தல் முடிந்ததுமே, அவன் வேலைக்கு வந்திருந்த அந்த நாட்டில் நெட்டை நிறுத்திவிட்டார்கள். பின்னாலேயே வெளிநாட்டு அழைப்புகளும் நின்றன. முடிவு சொல்லும்வரை யாரும் எதுவும் சொல்லக் கூடாதாம். அதற்கு முன்பே நாலு வரி எழுதிப் போட்டுவிட்ட பள்ளிக்கூட வாத்தியார் எங்கே இருக்கிறார் என்று அவர் மனைவிக்கே தெரியவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே ஒரு தேநீர்க்கடை. அதன் வைஃபை கடவுச்சொல் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

மீன்பிடிப் படகுகளை மட்டும்தான் விடுகிறார்கள். ஆள் போக முடியாது. போன் போகலாம்.

இதற்கு என்ன தர வேண்டும் என்று கேட்டால் இத்ரிசா வானத்தைக் காட்டுவார்.

அவன் பண்ருட்டிக்காரன். முந்திரிக்கொட்டை பார்த்து வாங்கக் கம்பெனி அனுப்பிய ஆள். சந்தையில் எல்லாருக்கும் அவன் பெயர் கஜூ. முந்திரிக்கு அங்கே அதுதான் சொல்.

நெட் போவதற்கு முன் கடைசியாக வந்தது அவன் மனைவி தமயந்தியின் குரல். "மாமாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குதுங்க. கடலூருக்குக் கூட்டிட்டுப் போறோம்."

மாமா என்றால் அவனுடைய அப்பா.

அவன் பதிலுக்குப் பேசியது போனிலேயே கிடந்தது. பக்கத்தில் சின்னதாய் ஒரு கடிகாரம். "அப்பா, நான்தான். கேக்குதா? பயப்படாதீங்க. வந்துடறேன்."

காலையில் அந்தப் போனைக் கொடுத்தபோது இத்ரிசா கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன கஜூ, பொண்டாட்டிக்கு முத்தமா?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லை."

அவர் சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போனை அதில் சுற்றினார்.

"தொழுகையில அவருக்காகக் கேக்கறேன். பேர் என்ன?"

"வைத்திலிங்கம்."

அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. மறுபடி மறுபடி முயன்றார். முனகிக்கொண்டே படகைத் தள்ளினார்.

இப்போது துண்டோடு போன் திரும்பி வந்திருந்தது.

அவன் பேசியது போயிருந்தது. இரண்டு டிக். இரண்டும் நீலம்.

கேட்டிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே தமயந்தி அனுப்பியவை.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

தங்கச்சி அனுப்பியிருந்தாள். நீக்கப்பட்டது. மாமன் மகன். நீக்கப்பட்டது. தெருக்காரர்கள் குழுவில் மேலிருந்து கீழ்வரை அந்த ஒரே வரி.

அவன் தெரு அவனுக்குத் தெரியும். கொட்டை உடைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் தெரு. அடுத்த வீட்டுக் குழம்பைப் பற்றிக்கூட வாயை அடக்கத் தெரியாதவர்கள். இன்று ஒருத்தர் பாக்கியில்லாமல் மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

தமயந்தி வீடு வீடாகப் போயிருப்பாள். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பாள்.

அழித்த இடம் அப்படியே நிற்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் குரல்.

"மாமாவுக்கு இப்ப பரவால்லங்க. நீங்க பேசுனதை அவரு காதுல வெச்சேன். நல்லா கேட்டாரு. தலையை ஆட்டுனாரு. நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க. அவசரப்பட்டு எதுவும் செஞ்சுடாதீங்க."

மறுபடி கேட்டான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது.

இந்தத் தடவை அவள் பேச்சுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனித்தான்.

எப்போது அவள் பேசி அனுப்பினாலும் பின்னாலிருந்து அப்பாவின் சத்தம் குறுக்கே வரும். "யாரு, பெரியவனா? சோறு தின்னானான்னு கேளு!" அவள் பேச்சை நிறுத்தி, "சித்த இருங்க மாமா, அதைத்தான் கேக்கறேன்" என்பாள். அப்புறம்தான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

இன்று ஒரே மூச்சில் பேசி முடித்திருந்தாள்.

இத்ரிசா வந்து பக்கத்தில் நின்றார். முழங்கால்வரை ஈரம்.

துறையில் அன்று யாருக்கும் நல்ல செய்தி வரவில்லை. வாத்தியார் மனைவி ஒன்றும் வராத தன் போனை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா எப்படி இருக்கார், கஜூ?"

அவன் துண்டை உதறி, மடித்து, அவர் தோளில் போட்டான்.

"நல்லா இருக்கார். தலையை ஆட்டினாராம்."

இத்ரிசா இரண்டு கைகளையும் மேலே ஏந்தினார்.

"அல்ஹம்துலில்லாஹ்!"

துறை முழுவதும் கேட்டது. வாத்தியார் மனைவி தலைநிமிர்ந்தாள்.

நாள் முழுக்க ஆற்றில் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார். அப்பாவின் பெயரையும் சொன்னார்.

ஒரு பிழையும் இல்லாமல்.