பதில் போட்டவர்

கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மேலாளர் ஆபீசை விடவில்லை. பார்சல் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் குரல் பதிவாக உத்தரவு போட்டார். மற்றவர்கள் மூச்சு விடமாட்டார்கள். லோடிங் சூப்பர்வைசர் மட்டும், "சரிங்க சார், உடம்பைப் பார்த்துக்குங்க" என்று உடனே பதில் போடுவார்.

மேலாளரைப் பார்க்க யாரும் வரவில்லை. அதனால் நர்ஸிடம்தான் பெருமையடித்துக்கொண்டார். "பார்த்தியாம்மா, படுத்துக்கிட்டே ஆபீசை ஓட்டறேன். இந்த மாசம் ஒரு பார்சல்கூடத் தேங்கலை!"

ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய அன்று, நேராகப் பார்சல் கூடத்துக்குப் போனார்.

"சூப்பர்வைசர் எங்கே? அவருக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லப்போறேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளார்க் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீங்க விழறதுக்கு முந்தின வாரம், வேலையை விட்டு எடுக்கறவங்க லிஸ்டுல பேரைக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டீங்களே சார், அதுல அவரும் ஒருத்தர். ஒழுங்கா வேலை செய்யலைன்னு காரணம் போட்டிருந்துச்சு... குழுவிலேருந்துதான் யாரும் அவரை எடுக்கலை."

"அப்போ நான் சொன்னதையெல்லாம் யார் செஞ்சது?"

"நாங்க யாரும் அதைக் கேக்கவே இல்லை சார். எங்களுக்குத் தெரிஞ்சபடி செஞ்சோம்."

மேலாளர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"உங்களை வெளியே அனுப்பினவன் நான். எனக்கு எதுக்குங்க தினம் பதில் போட்டீங்க?"

"ஆஸ்பத்திரியில துணைக்கு ஆளில்லாம கிடக்கீங்கன்னு கேள்விப்பட்டேன் சார். மனுஷன் பேசினா, யாராவது ஒருத்தர் 'ம்'னு சொல்லணுமில்லையா?"