இருக்கை இல்லாத விமானம்

ஆளில்லாத ஜெட் போர் விமானம் ஒன்று முதல் சோதனையை முடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்து நின்றது. செய்தவர்கள் கைதட்டி, மாலை போட்டுவிட்டுப் போனார்கள். மூலையில், பழைய போர் விமானத்திலிருந்து கழற்றிப் போட்ட விமானியின் இருக்கை கிடந்தது.

"உனக்குள்ளே ஆள் எங்கே உட்காருவார்?" என்று அது கேட்டது.

"யாரும் உட்கார மாட்டார்கள். அந்த இடத்திலும் குண்டுதான்" என்றது விமானம்.

இருக்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்ல வெட்கமாக இல்லையா? என் மேல் தேவசகாயம் என்று ஒருவன் உட்கார்ந்து பறந்தான். ஒரு நாள், ஆயுதக் கிடங்கு என்று சொல்லி ஒரு கட்டடத்தைத் தகர்க்க அனுப்பினார்கள். தாழப் பறந்தவன், அதன் மொட்டைமாடியில் குழந்தைச் சட்டைகள் காய்வதைப் பார்த்தான். குண்டைப் போடாமலே திரும்பிவிட்டான். அவன் வேலை போயிற்று. ஆனால் அந்த வீடு இன்னும் நிற்கிறது. உனக்குள் அப்படி ஒருவன் இருக்க வேண்டாமா? உன்னைச் செய்தவர்களிடம் இதை யாருமே சொல்லவில்லையா?"

"சொன்னார்கள்" என்றது விமானம். "அதைக் கேட்ட பிறகுதான் என்னை வரையவே ஆரம்பித்தார்கள்."