தூக்குவாளி அசனம்

கிறிஸ்தவ மக்களே, ஸ்ரீவில்லிபுத்தூரின் இந்தத் தேவாலய வளாகத்துக்கு வந்து பாருங்கள். இன்று அசனம், சபையார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து. வேப்பமர நிழலில் பந்தி விரிந்திருக்கிறது. ஈர வாழையிலைகளில் உச்சிவெயில் பொட்டுப் பொட்டாய் மின்னுகிறது. நிழல் முடிகிற இடத்தில் சேரித் தெருவார் தூக்குவாளிகளோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு இலை கிடையாது. வாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது இங்கே வழக்கம். பரிபூரணம் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். ராஜபாளையம் மில்லிலிருந்து நேரே வந்தவளின் கூந்தலில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அவள் காணிக்கையாக விட்ட கிடா அண்டாவில் கொதிக்கிறது. “ஏட்டி, வாளி எங்க?” என்கிறார் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன். “கொண்டாரல ஐயா. இலையில உக்காந்து திங்கத்தான் வந்தேன்.” “பந்தியில எடமில்ல. பொறவு பாப்போம்.” “எங் கிடாவுக்கு அண்டாவுல எடம் இருந்துச்சே.” பந்தியில் யாரோ சிரிப்பை விழுங்குகிறார்கள். போதகர் அவசரமாக ஜெபத்தைத் தொடங்கி, கண்களை இறுக மூடிக்கொள்கிறார். ஒரே சரீரம், ஒரே அப்பம் என்று ஜெபம் நீள்கிறது. கறியின் ஆவி அவர் வெள்ளை அங்கியைச் சுற்றிக்கொண்டு எழுகிறது. “ஐயர் கண்ணத் தொறக்கட்டும், அதுவரைக்கும் நிக்கேன்” என்கிறாள் பரிபூரணம், போதகரைப் பார்த்தபடி. பந்தியில் இருப்பவர்களே, ஆமென் சொல்லக் காத்திராதீர்கள். நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விடுங்கள். விட மனமில்லையென்றால், அவளுடைய கிடாவின் கறியைத் தொடாமல் எழுந்து போங்கள்.